எத்தனை இன்ச்சுக்கு மேல் போனால் அது ‘ரொம்பப் பெரிய போன்’?

மொட்டைமாடி | சனி, இரவு 8.12

அம்மாவுக்கு 63 வயது. சிக்குன்குனியா வந்து போனதிலிருந்து வலது கட்டைவிரலின் அடிமூட்டு சரியில்லை. மடங்கும், முழுதாக நீளாது. இப்போது வைத்திருக்கும் போனை அவர் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இடது உள்ளங்கையை விரித்து, தட்டு ஏந்துகிற மாதிரி போனைப் படுக்கவைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவார். அடுப்படியில் ஒரு கையில் கரண்டி இருக்கும்போது போன் வந்தால் எடுக்கவே மாட்டார். அடுப்பை அணைத்து, கை துடைத்து வருவதற்குள் கட்டாகிவிடும். இரண்டு முறை கீழே விழுந்து மூலை நொறுங்கியிருக்கிறது.

இன்று கடைக்குக் கூட்டிப்போனேன். “ரொம்பப் பெரிசா இல்லாம ஒண்ணு காட்டுங்க” என்றேன். எடுத்து வைத்த மூன்றும் 6.6, 6.7 இன்ச். “இதெல்லாம் பெரிசே இல்ல சார், இப்ப இதுதான் நார்மல். பெரிசுன்னா டேப்தான்” என்றார் கடைக்காரர். அம்மா ஒவ்வொன்றையும் வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டார். சும்மா திரும்பி வந்தோம்.

இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். எந்த அளவைத் தாண்டினால் ஒரு போனை ‘ரொம்பப் பெரிசு’ என்று சொல்லலாம்? அந்த அளவு தெரிந்தால் அதற்குக் கீழே தேடிக்கொள்வேன்.

ஸ்பெக்ஷீட் | இரவு 8.31

இதற்கு வரையறை ஏற்கெனவே உண்டு. ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2014 வாக்கிலேயே 5.5 இன்ச் முதல் 7 இன்ச்சுக்குள் இருப்பதை ‘ஃபேப்லெட்’ என்று தனியாக எண்ணியது. போன் பாதி, டேப்லெட் பாதி. கடைக்காரர் சொன்னது தவறு. அவர் காட்டிய மூன்றுமே ஃபேப்லெட். 5.5-க்குக் கீழே தேடுங்கள்.

மொட்டைமாடி | இரவு 8.40

5.5-க்குக் கீழே புதிதாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே சார். அப்படியானால் இன்று கடையில் இருக்கும் அத்தனையும் ரொம்பப் பெரிசா?

கேள்விக்குறி | இரவு 8.52

அதைத்தான் நானும் கேட்கிறேன். 5.49 என்றால் போன், 5.5 என்றால் ஃபேப்லெட்டா? அந்த ஒரு மயிரிழையில் என்ன மாறிவிட்டது? 5.4-க்கும் 5.5-க்கும் வித்தியாசம் இல்லை என்றால் 5.5-க்கும் 5.6-க்கும் இல்லை. இப்படியே 6.9 வரை நடந்துவிடலாம். மிலேட்டஸ் ஊர்க்காரரான யூபுலிடிஸ் கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே இந்தப் புதிரைப் போட்டுவிட்டார். மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணலாக எடுத்துக்கொண்டே வந்தால் எந்த மணலோடு அது குவியல் இல்லாமல் போகிறது? கோடு கிழிக்க முடியாத இடத்தில் ‘பெரிய போன்’ என்று ஒரு வகையே கிடையாது என்பதுதான் நேர்மையான பதில். நானும் 6.7 வைத்திருக்கிறேன். சாதாரண போன் மாதிரிதான் இருக்கிறது.

நேர்வாதம் | இரவு 9.05

இரண்டு பேருமே தர்க்கப்பிழை செய்கிறீர்கள்.

கேள்விக்குறி செய்வது கன்டினியம் ஃபாலஸி. எல்லை மங்கலாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. இருட்டு எந்த நிமிஷத்தில் விலகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக நடுராத்திரியும் நண்பகலும் ஒன்றா?

ஸ்பெக்ஷீட் செய்வது அப்பீல் டு அத்தாரிட்டி. ஒரு நிறுவனம் சொல்லிவிட்டது என்பதால் 5.5 சரியாகிவிடாது.

கடைக்காரர் சொன்னது ஆட் பாப்புலம். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் அது பெரிசில்லை என்று எப்படி ஆகும்?

ஸ்பெக்ஷீட் | இரவு 9.11

போன் விற்பனையை எண்ணுவதே தொழிலாக வைத்திருப்பவர்கள் சொல்வதை எடுத்துக்காட்டினால் அது பிழையா? அப்படிப் பார்த்தால் டாக்டர் சொன்ன மாத்திரையைச் சாப்பிடுவதும் பிழைதான்.

நேர்வாதம் | இரவு 9.14

இது ஸ்ட்ராமேன், சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது. டாக்டரைப் பற்றி நான் பேசவே இல்லை.

பழையநோட் | இரவு 9.48

இந்த வார்த்தை புழங்க ஆரம்பித்த காலத்தில் அதைக் கையில் வைத்திருந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

2010-ல் டெல் நிறுவனம் ஸ்ட்ரீக் என்று 5 இன்ச்சில் ஒன்று கொண்டுவந்தது. பார்த்தவர்கள் எல்லாம் ‘இதைக் காதில் வைத்துப் பேசுவதா’ என்றார்கள். அதே வருஷம் ஜூலையில், ஐபோன் 4-ன் ஆன்டெனா பிரச்சினைக்காகக் கூட்டிய பத்திரிகையாளர் சந்திப்பில், கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்கப்போவதில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அடுத்த வருஷம் செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் கேலக்ஸி நோட்டை வெளியிட்டது. 5.3 இன்ச், கூடவே உடம்புக்குள் செருகிய பேனா. நான் வாங்கியபோது வீட்டில் திட்டு. பஸ்ஸில் காதில் வைத்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அது பொக்கிஷம். கணக்கு, குறிப்பு, வரைபடம் எல்லாம் அதிலேயே எழுதினேன். ஒரு வருஷம் ஆவதற்குள் ஒரு கோடி நோட் விற்றதாக சாம்சங் அறிவித்தது. 2014 செப்டம்பரில் ஆப்பிளே 5.5 இன்ச்சில் ஐபோன் 6 ப்ளஸ் கொண்டுவந்தது.

ஆக, பெரிய போன் என்றால் வெறும் நீளம் அகலம் இல்லை. அதை வைத்து என்ன செய்தோம் என்பதுதான். என்னைக் கேட்டால் பேனா இருந்தால்தான் ஃபேப்லெட். பேனா இல்லாதது வளர்ந்துவிட்ட போன், அவ்வளவே.

ஸ்பெக்ஷீட் | இரவு 9.55

2016-ல் வந்த ஷாவ்மி மி மேக்ஸ் 6.44 இன்ச். பேனா கிடையாது. அதை ஃபேப்லெட் என்று சொல்லாதவர் யார்? 2013-ல் வந்த சோனி எக்ஸ்பீரியா இசட் அல்ட்ராவும் 6.44. அதன் உடம்பிலும் பேனா செருக இடம் இல்லை.

பழையநோட் | இரவு 10.02

அவை உண்மையான ஃபேப்லெட் இல்லை.

நேர்வாதம் | இரவு 10.03

நோ ட்ரூ ஸ்காட்ஸ்மன். இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆண்டனி ஃப்ளூ என்ற பிரித்தானியத் தத்துவவாதி விளக்கியது. எந்த ஸ்காட்லாந்துக்காரனும் இப்படிச் செய்யமாட்டான் என்பார் ஒருவர். செய்த ஒருவனைக் காட்டினால், அவன் உண்மையான ஸ்காட்லாந்துக்காரன் இல்லை என்பார். நீங்கள் செய்ததும் அதேதான்.

பழையநோட் | இரவு 10.10

இல்லை. நீங்கள் என் பதிவை மறுபடியும் படியுங்கள். பேனா இருந்தால்தான் ஃபேப்லெட் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மி மேக்ஸைக் காட்டிய பிறகு வேலியை நகர்த்தவில்லை. வேலி அங்கேதான் இருந்தது, மி மேக்ஸ் வெளியே நின்றது. என் வரையறை தப்பாக இருக்கலாம், அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் நடுவில் ஆட்டத்தை மாற்றினேன் என்று சொல்லாதீர்கள். அது வேறு குற்றச்சாட்டு.

இரவுப்பணி | இரவு 11.20

வார்டில் இருக்கேன், இப்பதான் படிச்சேன். மொட்டைமாடி அண்ணா, உங்க அம்மா பிடிக்கிற மாதிரிதான் எங்க வார்டுல பாதிப் பேர் பிடிக்கிறாங்க. என் கையும் சின்னது. எனக்கு ஒரு கையில எப்பவும் ஏதாவது இருக்கும். மருந்து ட்ரே இல்லேன்னா ஃபைல். மறு கையால போனைப் பிடிச்சுக் கட்டைவிரலால பட்டனைத் தொடணும். என் 6.5 இன்ச் போனுல அந்தப் பக்கத்து ஓரம் எனக்கு எட்டாது. எட்டணும்னா பிடியை நழுவவிட்டுத்தான் எட்டணும். அந்த நேரத்துலதான் விழும்.

கேள்விக்குறி சார், 6.7 சாதாரணமா இருக்குன்னு சொல்றீங்களே, உங்க கை பெரிய கையா இருக்கும். அதனாலதான் உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கு.

நேர்வாதம் | இரவு 11.27

இது ஆட் ஹோமினம். அவர் சொன்ன வாதத்துக்குப் பதில் சொல்லாமல் அவர் உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

இரவுப்பணி | இரவு 11.34

நான் யாரையும் மட்டமாகப் பேசலை. அப்படித் தோணியிருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா கையைப் பத்திப் பேசாம போன் பெரிசா சின்னதான்னு எப்படிப் பேசுறது?

மணியோசை | ஞாயிறு, காலை 6.40

இரவுப்பணி, நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம் அம்மா. இத்தனை பதிவுகளில் விஷயத்தைத் தொட்டது நீ ஒருத்திதான்.

நான் முப்பத்து நான்கு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். நேர்வாதம் தம்பிக்குத் தர்க்கத்தில் இருக்கும் ஈடுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இரவும் பகலும் பற்றி அவர் சொன்னதும் சரி. ஆனால் பிழைக்குப் பெயர் வைப்பதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆளைப் பற்றிப் பேசினாலே பிழை ஆகிவிடாது. வாதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை ஆளிடமிருந்து எடுத்து அதைக்கொண்டு வாதத்தைத் தள்ளினால்தான் பிழை. ‘உங்கள் எழுத்தில் பிழை மலிந்திருக்கிறது, ஆகவே நீங்கள் சொல்லும் அளவு தப்பு’ என்றால் அது பிழை. கேள்விக்குறி தம்பி தன் கையையே சாட்சியாகக் கொண்டுவந்தார்: ‘எனக்குச் சாதாரணமாக இருக்கிறது’. சாட்சி கை என்றால் அந்தக் கையை விசாரிக்கத்தான் வேண்டும். அந்தப் பெண் செய்தது அதுதான்.

பழையநோட் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எதிர்க்காட்டு வந்த பிறகு வரையறையை வளைத்தால்தான் ஸ்காட்லாந்துக்காரன் கதை. முதலிலேயே சொன்ன வரையறை அந்தக் கதைக்குள் வராது. அவரிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: அந்த வரையறை பொருளுக்குப் பொருந்துகிறதா?

இதற்கு நம் இலக்கண நூல்களில் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு குன்றக்கூறல், மிகைபடக்கூறல். நூல் எழுதுபவருக்குச் சொன்னவைதான், ஆனால் வரையறை செய்பவருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். நியாய சாஸ்திரத்தில் இதையே அவ்வியாப்தி, அதிவியாப்தி என்பார்கள். பசு என்றால் பழுப்பு நிறமுள்ளது என்றால் வெள்ளைப் பசு வெளியே நின்றுவிடும். பசு என்றால் கொம்புள்ளது என்றால் எருமை உள்ளே வந்துவிடும். ‘பேனா இருந்தால்தான்’ என்பது குன்றக்கூறல், மி மேக்ஸ் வெளியே. ‘5.5-க்கு மேல் எல்லாம்’ என்பது மிகைபடக்கூறல், கடையே உள்ளே வந்துவிட்டது. தர்க்கப்பிழையைக் குறிக்கும் போலி என்ற சொல்லும் நம்முடையதுதான். மணிமேகலையின் 29-ம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று, அதாவது கூற்றில், காரணத்தில், எடுத்துக்காட்டில் வரும் பிழைகள் என்று, வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறார். அவர் பெயரோடு நிற்பதில்லை. இது ஏன் போலி என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வைக்கிறார். நேர்வாதம் தம்பியிடம் நான் எதிர்பார்ப்பது அந்த இரண்டாவது பாதியை.

இன்னொன்று. எதையும் வரையறுக்கும் முன்னால் எதற்காக என்று கேட்க வேண்டும். 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தக்காளியைக் காய்கறி என்றது. செடிநூல்படி அது கனிதான். ஆனால் வழக்கு இறக்குமதி வரி பற்றியது. காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. மக்கள் அதைச் சாப்பாட்டோடு சமைத்துச் சாப்பிடுகிறார்களா, கடைசியில் பழமாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தது நீதிமன்றம். நம் நாட்டில் 2014 டிசம்பரில் பஞ்சாப் அரசுக்கும் நோக்கியாவுக்கும் நடந்த வழக்கில், ஒரே டப்பாவில் வந்தாலும் சார்ஜர் போனின் பாகம் இல்லை, துணைக்கருவிதான், அதற்கு வேறு வரி என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டில் நாம் போனையும் சார்ஜரையும் சேர்த்துத்தான் போன் வாங்கினேன் என்கிறோம். அது வரிக்காகச் செய்த வரையறை, இது வீட்டுப் பேச்சு.

ஐடிசி வகுத்தது விற்பனையை எண்ண. அவர்களுக்கு 5.5 போதும். மொட்டைமாடியின் அம்மாவுக்கு வேண்டியது ஒரு கையால் பிடித்துக் கட்டைவிரலால் தொட. அவருக்கு ‘பெரிசு’ என்றால் என்ன என்பதுதான் கேள்வி. அதை விட்டுவிட்டு நேற்றிரவு முழுக்க நடந்ததற்கும் நன்னூலில் பெயர் இருக்கிறது: மற்றொன்று விரித்தல்.

ஸ்பெக்ஷீட் | காலை 9.15

அம்மா, வணக்கம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் சொன்ன 5.5 இந்தக் கேள்விக்கு உதவாது. திரும்பப் பெறுகிறேன்.

இன்ச் கணக்கு என்பது ஸ்கிரீனின் மூலைவிட்டம். டிவி காலத்துப் பழக்கம். ஸ்கிரீனின் வடிவம் ஒன்றாக இருக்கும்வரைதான் இரண்டு போனை அதால் ஒப்பிடலாம். 2017 வாக்கில் வடிவமே மாறிவிட்டது. அதுவரை 16:9 என்று அகலமாக இருந்த ஸ்கிரீன் ஒடுங்கி உயர்ந்தது, ஓரப்பட்டைகளும் மெலிந்தன.

ஒரே வருஷம் வந்த இரண்டு போனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோன் 8, 4.7 இன்ச். அகலம் 67.3 மி.மீ. கேலக்ஸி எஸ்8, 5.8 இன்ச். அகலம் 68.1 மி.மீ. ஒரு இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் என்று காகிதத்தில் இருக்கிறது, கைக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஐடிசி கணக்கில் ஒன்று போன், மற்றது ஃபேப்லெட்.

பழையநோட் சொன்ன முதல் நோட் 5.3 இன்ச்தான், ஆனால் அகலம் 83 மி.மீ. கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா 6.9 இன்ச், அகலம் 77.6. இன்ச்சில் எவ்வளவோ பெரிசு, கையில் ஐந்து மி.மீ. ஒடுக்கம். டெல் ஸ்ட்ரீக் 5 இன்ச்தான், அகலம் 79. அன்றைக்கு அதைப் பெரிசு என்றவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆகவே மொட்டைமாடி, இன்ச்சைப் பார்க்காதீர்கள். ஸ்பெக் பக்கத்தில் ‘பரிமாணம்’ என்று மூன்று எண் இருக்கும். நடு எண்ணைப் பாருங்கள். அது அகலம்.

பழையநோட் | காலை 9.32

83 மில்லிமீட்டரா. பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, நான் அளந்து பார்த்ததே இல்லை. பேனா விஷயத்தை இந்தக் கேள்விக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். அந்த போனை நான் எப்போதும் இரண்டு கையால்தான் பிடித்தேன்.

கேள்விக்குறி | காலை 10.05

நான் பழைய போனையும் இப்போதையதையும் பக்கத்தில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். என் மனைவியையும் பிடிக்கச் சொன்னேன். என்னுடையதில் அவள் கட்டைவிரல் பாதித் தூரம்தான் போகிறது. நேற்று நான் என் கையை எல்லோர் கையாகவும் வைத்துப் பேசிவிட்டேன்.

ஆனால் என் கேள்வி மிச்சம் இருக்கிறது. சரி, இன்ச்சை விட்டு அகலத்துக்கு வந்தாலும் 70 சரி, 71 பெரிசு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே எண் எல்லோருக்கும் கிடையாது என்பதை நான் இன்னும் சொல்கிறேன்.

தையற்கடை | காலை 11.10

ஞாயித்துக்கிழமை கடை லீவு, அதான் முழுக்கப் படிச்சேன். நான் இருபத்திரெண்டு வருஷமா சட்டை தைக்கிறவன். ஒண்ணு சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க.

உடம்பை நாங்க அகலத்துல அளக்கமாட்டோம். மார்பை முன்னாடி மட்டும் அளந்து சட்டை தைச்சா பட்டன் போட முடியாது. டேப்பைச் சுத்திப் போட்டுத்தான் அளப்போம். ஒருத்தர் முன்னாடி ஒல்லியாத் தெரிவார், பக்கவாட்டுல கனமா இருப்பார். போனைக் கையும் அப்படித்தான் பிடிக்குது. உள்ளங்கையில ஆரம்பிச்சு முதுகைச் சுத்தி இந்தப் பக்கம் விரல் வந்து நிக்குது. அகலமும் தடிப்பும் சேர்த்துத்தான் கைக்குப் பெரிசு. கவரையும் சேர்த்துக்கணும். நிறைய பேர் கவர் போட்டதுக்கு அப்புறம்தான் ‘கைக்கு வரமாட்டேங்குது’ன்னு சொல்றாங்க.

நூலோ டேப்போ எடுத்து போன் இடுப்பைச் சுத்தி அளங்க. அந்தச் சுத்தளவுதான் அளவு. கேள்விக்குறி சார் கேட்டதுக்கும் எங்க தொழில்ல பதில் இருக்கு. எல்லாருக்கும் ஒரே மார்பளவு கேட்டா நாங்களும் சொல்லமாட்டோம். வர்ற ஆளை நிக்கவெச்சு அளப்போம்.

ஸ்பெக்ஷீட் | காலை 11.48

அண்ணா, இது என் கணக்கைவிட நல்ல கணக்கு. எனக்கே ஒரு உறுத்தல் இருந்தது: 2019-ல் வந்த கேலக்ஸி ஃபோல்டை மடித்து வைத்தால் அகலம் 63 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. அகலம் மட்டும் பார்த்தால் அதுதான் சின்ன போன். ஆனால் தடிப்பு 15 மி.மீ.க்கு மேல். கையில் செங்கல் மாதிரி இருக்கும். சுற்றளவு பார்த்தால் அது மாட்டிக்கொள்கிறது.

அகலத்தையும் தடிப்பையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். விளிம்பு உருண்டையாக இருப்பதால் நூலில் கொஞ்சம் குறைவாக வரும். ஐபோன் 13 மினி சுமார் 144 மி.மீ. ஐபோன் 8 சுமார் 149. கேலக்ஸி எஸ்8, 152. எஸ்25, 155. எஸ்25 அல்ட்ரா, 172. முதல் நோட், 185. இந்த வரிசையை ஒரு தடவை பாருங்கள். இவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் இந்த வரிசையை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இன்ச் கணக்கில் அடுக்கினால் முதல் நோட் எஸ்8-ஐவிடச் சின்னது என்று வரும்.

பழையநோட் | மதியம் 12.20

உயரம்? போன் ஒடுங்கினாலும் மேல் மூலை எட்டாதே.

இரவுப்பணி | மதியம் 2.15

எழுந்ததும் பாக்கறேன். மேல் மூலைக்கு வழி இருக்கு சார். ஐபோன்ல 6 வந்ததிலிருந்து ரீச்சபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு, ஸ்கிரீன் மொத்தமும் பாதிக்குக் கீழ இறங்கி வரும். ஆண்ட்ராய்டுலயும் ஒன் ஹேண்டட் மோட் இருக்கு, செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும். நான் தினமும் அதைத்தான் பயன்படுத்தறேன். மேல இருக்கறதைக் கீழ இறக்கலாம். போனோட இடுப்பை எந்த செட்டிங்ஸ்லயும் குறைக்க முடியாது. அதனால தையற்கடை அண்ணா சொன்னதுதான் முதல்ல பாக்கணும், உயரம் அப்புறம்.

நேர்வாதம் | மாலை 4.30

நேற்றிரவு முழுக்க நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மணியோசை அம்மா சொன்னது சரி. ஆட் ஹோமினம் என்று நான் சொன்னது தவறு. இரவுப்பணியிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். பழையநோட்டிடமும். ஐடிசி விஷயத்திலும் அப்படித்தான். ஸ்பெக்ஷீட் ஆதாரம் காட்டியது பிழை இல்லை. அந்த ஆதாரம் வேறு வேலைக்காக உருவானது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெயரைச் சொன்னதும் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் கடைக்காரர் பற்றிச் சொன்னதை நான் விடமாட்டேன். இந்த முறை காரணத்தோடு சொல்கிறேன். ‘இதுதான் நார்மல்’ என்ற சொல்லில் இரண்டு அர்த்தம் கலந்திருக்கிறது. கடையில் அதிகம் இருப்பது என்பது ஒன்று, கைக்குப் பொருந்துவது என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. அதைச் சொல்லி இரண்டாவதையும் ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். ஆப்பிள் 12 மினி, 13 மினி என்று இரண்டு வருஷம் போட்டுவிட்டு 2022-ல் 14 வரிசையில் மினியை நிறுத்தி ப்ளஸ்ஸைக் கொண்டுவந்தது. போதுமான பேர் மினியை வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், வாங்காததற்குக் கை மட்டும் காரணம் இல்லை. 12 மினியின் பேட்டரி 2,227 எம்ஏஎச், 12-க்கு 2,815. சின்ன உடம்பில் பேட்டரிக்கு இடம் குறைவு. பெரியதை வாங்கியவர்களில் பலர் பேட்டரிக்காகவும் கேமராவுக்காகவும் வாங்கியிருப்பார்கள், அளவைச் சகித்துக்கொண்டு. அவர்கள் வாங்கியதை வைத்து, அளவு எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

மணியோசை | மாலை 5.05

இப்படித்தான் எழுத வேண்டும் தம்பி.

மொட்டைமாடி | அடுத்த சனி, இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது.

தையற்கடை அண்ணா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். எழுந்து போய் பூக்கட்டும் நூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போதைய போனைக் கவரோடு சுற்றினோம், 18 செ.மீ.க்கு மேல் வந்தது. பீரோவில் கிடந்த பழைய பட்டன் போனைச் சுற்றினால் 12-கூட இல்லை. நடுவில் எதுவரை வசதி என்று பார்க்க அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தீப்பெட்டி அட்டை, காலண்டர் அட்டை என்று அடுக்கிக்கட்டி, பிடித்துப் பிடித்துப் பார்த்து, கட்டைவிரல் வலிக்காமல் எதிர் ஓரத்தைத் தொட்ட இடத்தில் நூலில் முடிச்சுப் போட்டார். அளந்தேன். 16 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம்.

இன்று அந்த நூலோடு கடைக்குப் போனோம். அதே கடை. அம்மா ஒவ்வொரு போனையும் வாங்கி நூலைச் சுற்றி, முடிச்சு சேர்கிறதா என்று பார்த்தார். 6.7 என்று எழுதியிருந்த இரண்டில் ஒன்றுக்கு முடிச்சு விரற்கடை தூரம் நின்றது, இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட சேர்ந்தது. ஒரே இன்ச், கையில் ஒன்று இல்லை. கடைக்காரரும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரே உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். 6.2 இன்ச், அகலம் 71 மி.மீ.க்குக் கொஞ்சம் உள்ளே. போன வருஷத்து மாடல் என்பதால் விலையும் இறங்கியிருந்தது. நூல் சுற்றியது, முடிச்சு தாண்டிக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்துக்கு ஏற்ற மாதிரி மெல்லிய கவர் ஒன்று போட்டு, மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கச் சொன்னார். இரவுப்பணி சொன்ன ஒன் ஹேண்டட் மோடையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் நான் பால் வாங்கப் போயிருந்தேன். வழியில் அம்மாவிடமிருந்து போன். “வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வா” என்றார். பின்னால் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.